மூடிய கம்பெனியில் முருகன் கொடுத்த வேலை

எங்கள் வள்ளியை ஆனி மாத மழையில் பறிகொடுத்தோம். அவளுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. உன் தேவியின் பெயரைத்தானே வைத்தோம், அதற்காகவாவது காப்பாற்றியிருக்கக் கூடாதா என்று முருகனோடு சண்டை போட்டவன் நான். அடியார்களே, அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சில வருஷம் முன்னால், அறுபதுகளின் முடிவு அது. அந்தமானில் பெரார்கஞ்சைத் தாண்டி, கடல் உள்ளே வந்து வளைகிற ஓரிடத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. கல்கத்தாவில் தலைமை ஆபீஸ், மெயின்லேண்டில் பல ஊர்களில் கிளைகள் என்று பெரிய கெமிக்கல் கம்பெனி. இங்கே மரத்துக்கு மருந்தேற்றுகிற வேலை. நீளமான இரும்பு உருளைக்குள் மரத்தைத் தள்ளி, கதவை இறுக்கி, மருந்துத் தண்ணீரை அழுத்தி ஏற்றுவோம். பிறகு கறையான் அண்டாது. நான் வால்வு பார்க்கிற ஆள். நகமெல்லாம் பச்சையாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து, கல்யாணமான கையோடு, கோமதியைக் கப்பலேற்றிக் கூட்டி வந்தது இந்த வேலையை நம்பித்தான்.

கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது எங்களுக்கு முதலில் தெரியவில்லை. கப்பல் வரும், மருந்து டிரம் வராது. கேன்டீனை மூடினார்கள். பிறகு லாஞ்ச் என்கிற மோட்டார் படகையும் விற்றுவிட்டார்கள். அவசரத்துக்குப் போர்ட் பிளேர் போக எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். அடுத்த மாதமே வள்ளிக்குக் காய்ச்சல் கண்டது. ரோடு மழையில் சரிந்து கிடந்தது. ஒரு மர லாரிகூட நகரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தேன். முருகா, முருகா என்று கத்திக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் தோளில் இருந்த சூடு குறைந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வெடிக்கிறது.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லையே. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மேட்டில் புதைத்தோம். அதன் பிறகு கோமதி விடிந்தால் அங்கேதான். இருட்டினதும் நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். வீட்டில் விளக்கேற்றுவதை நான் நிறுத்திவிட்டேன்.

தை பிறந்ததும் கம்பெனியை மூடுவதாக அறிவித்தார்கள். எல்லாருக்கும் மெட்ராஸுக்கு இலவசக் கப்பல் டிக்கெட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். மேடும் கம்பெனி நிலம்தான், இனி வெளியாள் நுழைய முடியாது. மற்றவர்கள் பெட்டி கட்டினார்கள். கோமதி ஒரு துணியைக்கூட மடிக்கவில்லை.

"நீங்க போங்க. நான் பிள்ளைய விட்டுட்டு வரமாட்டேன்."

"இங்க எப்படிம்மா இருப்ப? கேட்டைப் பூட்டிருவாங்க."

"பூட்டட்டும். வெளிய உக்காந்திருக்கேன்."

சொன்னால் செய்கிறவள். இழுத்துக் கப்பலில் ஏற்றினால் உயிரோடு ஊர் போய்ச் சேரமாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தைப்பூசத்தன்று விளக்கைத் தேடி எடுத்து ஏற்றினேன். கை குவிக்கக்கூட இல்லை. 'உன்னிடம் பிள்ளையைக் கேட்டேன், தரவில்லை. கம்பெனியை நான் கேட்கவில்லை, அது எப்படியோ போகட்டும். இவளை அந்த மேட்டிலிருந்து பிரிக்காதே. அவ்வளவுதான்' என்றேன். அப்புறம் அழுதேன். பிள்ளை போனபோது வராத அழுகையெல்லாம் அன்று வந்தது.

மறுநாள் மேனேஜர் எங்களை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். பெங்காலிக்காரர், குரல் உயர்த்தாத மனிதர். மிச்சமிருந்த மருந்து டிரம்களைத் திருப்பிக் கொண்டுபோகக் கம்பெனிக்கு மனசில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போகவும் பயம்.

"ஏக் ஆத்மி சாஹியே. சௌகிதார் கா காம். கோன் ருகேகா?" என்றார். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும், யார் இருப்பீர்கள் என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் உண்டு, சம்பளம் பாதிதான் என்றும் சொன்னார்.

யாரும் நிமிரவில்லை. ஊர் போகிறவர்களுக்கு அது தண்டனை. நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற பம்ப் ஆபரேட்டர் மாரியப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியமா? இந்தக் காட்டுல யாரு இருப்பா?"

"நாங்க மூணு பேரும் இருப்போம்டா."

அவன் சட்டையை விட்டுவிட்டான்.

என் பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேர வழியில்லாமல் செய்த கம்பெனிக்கே இன்று நான் காவல். சில நாள் அந்த டிரம்களைப் பார்த்தால் வயிறு எரியும். வள்ளியை முருகன் ஏன் எடுத்துக்கொண்டான் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ஒருவரும் வேண்டாமென்ற வேலைக்குள் எனக்கானதை ஒளித்து வைத்தவன் அவன்தான். இப்போது தினமும் விளக்கேற்றுகிறேன். உங்கள் வீட்டிலும் மனம் கசந்து விளக்கை அணைத்திருப்பீர்கள். போய் ஏற்றுங்கள். திட்ட வேண்டுமா, திட்டுங்கள், கேட்டுக்கொள்வான். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கோமதி இப்போது சாயங்காலம் தலைவாரிக்கொண்டுதான் மேட்டுக்குக் கிளம்புகிறாள். "பாப்பாவைப் பாத்துட்டு வந்துருதேன், உலையைப் பாத்துக்கிடுங்க" என்கிறாள். நான் கூப்பிடப் போவதில்லை. சோறு வேகுமுன்னே அவளாகவே திரும்பி வந்துவிடுகிறாள்.