காவிரிப் பாலத்தில் வரதாச்சாரி எழுந்திருக்கவில்லை

இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் குமாஸ்தா வரதாச்சாரி.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் எழுந்து நிற்பார். கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து, வீட்டு மனிதரிடம் சொல்வது போல, "ரங்கா, போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்காருவார். வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அதைத்தான் நான் கதை வசனம் எழுதிய டாக்கியில் கோமாளிக்குக் கொடுத்தேன். அவன் சலூனில் எழுந்து சொல்வான், கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து சொல்வான். படம் வந்து ஒரு வாரமாகச் சிரிப்பில் கொட்டகையே அதிர்கிறது.

இன்று பாலம் வந்தது. பஸ் முழுவதும் அவரையே பார்த்தது. அவர் டிபன் தூக்கை மடியில் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

"என்ன சாமி, இன்னைக்குச் சொல்லலீங்களா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆத்துலேர்ந்து கிளம்பறச்சேயே சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் வரதாச்சாரி, மெல்ல.

எழுதினவன் பின்னால்தான் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பாலம் தாண்டியதும் இறங்கி, மிச்ச தூரம் நடந்தேன்.

பாத்திரத்துக்கு உயிர் கொடுத்துவிட்டாய் என்று பாராட்டினீர்களே, நண்பர்களே. அது யாருடைய உயிர் என்று ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா?