வேணி எண்ணச் சொன்ன புள்ளிகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் ஹட்டனிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்த வேணி, பன்னிரண்டு மணியாகியும் வரவில்லை. சாம்பாரை இரண்டு தரம் சுட வைத்துவிட்டு, வந்ததும் அவளுக்குக் கொடுக்க வேண்டிய ஏச்சுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவளுடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சமன்மலி போன் பண்ணினார். எனக்குப் புரிய வேண்டுமே என்று சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். தங்கியிருந்த அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டதாம். அடுக்கி வைத்த ஏச்சு அத்தனையும் இன்னும் என்னிடமே இருக்கிறது.

வேணி என் நாத்தனார்; என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பதினாறாம் நாள் காரியத்தன்று பேசியவர்களில் ஒருவர், அவள் மூளை வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தவள் என்றார். இன்னொருவர், ஞாபக சக்தியை வளர்க்க வழி சொன்னவள் என்றார். அவள் இருந்திருந்தால் பாதியில் எழுந்து, “அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க” என்று பேசியவரின் முகத்தைச் சுருங்க வைத்திருப்பாள். அவள் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

மூளையில் உள்ள நரம்புக்கலம் ஒன்றுக்கு ஓர் உடல் உண்டு, மரம்போல் பிரியும் கிளைகள் உண்டு, செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட இழை ஒன்றும் உண்டு. கலத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில், பொற்றாசியம் என்ற உப்பு வெளியே போவதற்கென்று மிகச் சிறிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்தால் கலத்தின் பரபரப்பு அடங்கும். நான்கு துண்டுகள் சேர்ந்தால் ஒரு வாசல். துண்டுகளிலும் பல வகை. சில வகைகள் இழையில் குடியிருக்கும், சில உடலை ஒட்டி இருக்கும், சில தூரத்துக் கிளைகளுக்குப் போய்விடும். வேணி ஒரே ஒரு வகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அது கிளையின் அடியில் அதிகமா, நுனியில் அதிகமா என்று ஒன்பது வருஷம் தேடினாள். கலியாணம் பேசி வந்தவர்களுக்கெல்லாம் “இது முடியட்டும்” என்பதே பதில்.

“அடியில இருந்தா என்னா, நுனியில இருந்தா என்னா? யாருக்கு என்னா ஆகப்போவுது?” என்று ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

“இப்ப தெரியாதுங்க அண்ணி. ஆனா எடத்த நான் தப்பா சொல்லிட்டா, பின்னாடி வர்றவங்க எல்லாரும் தப்பான எடத்துல தேடுவாங்க. அது மட்டும் தெரியும்.”

இந்த விவகாரத்தில் நான் மாட்டிக்கொண்டது ஒரு தீபாவளிக்கு. நான் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். மிச்சத்தை நானாக வாசித்துக் கற்றேன். கலியாணமான நாள் முதல் வீட்டுக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதற்கு முந்தி ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தவள், “என்னா அண்ணி, கேஸ் சிலிண்டர் எத்தன நாள் ஓடுச்சுன்னுகூட இருக்கே” என்று சிரித்தாள். தீபாவளிக்கு ஒரு கட்டுப் படங்களோடு வந்தாள். வெளிநாட்டில் பெரிய நுணுக்குக்காட்டியில் எடுத்த எலி மூளையின் படங்கள். எல்லாம் சாம்பல் நிறம், நடுவே கறுப்புப் புள்ளிகள்.

“அந்தப் புள்ளி எல்லாம் தங்கம், அண்ணி.”

“தங்கம் கறுப்பா இருக்குமா? யாருகிட்ட கத விடுற?”

உண்மையிலேயே தங்கத் துகள்தானாம். தேடுகிற துண்டு எங்கே இருக்கிறதோ, அங்கே போய் ஒட்டும்படி செய்வார்களாம். அவற்றை எண்ணுவதுதான் வேலை. படத்தில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். எது அடி, எது நுனி, எது தங்கம் ஒட்டவே கூடாத சோதனைப் படம் என்று சொல்ல மாட்டாள். “தெரிஞ்சா, கண்ணு தானா கூட்டும் கொறைக்கும்” என்றாள். என் கண்ணையா சொல்கிறாள் என்று இரண்டு நாள் நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தீபாவளி முழுவதும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மேசை முழுக்க எலி மூளை.

விளக்கேற்றி, நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, எல்லாப் படங்களையும் எண்ணிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் நனைந்துகொண்டு வந்து நின்றாள். கையில் என் நோட்டு.

“அண்ணி, இதுல ஒரு எண்ணுகூட சைபர்ல முடியலியே, ஏன்?”

“சைபர்ல யாராவது முடிப்பாங்களா?” என்றேன்.

மொய் எழுதினாலும் சீர்த்தட்டு வைத்தாலும் ஒன்று கூட்டித்தானே வைப்போம். பத்து வந்த இடத்தில் பதினொன்று எழுதினேன், இருபது வந்த இடத்தில் இருபத்தொன்று. ஒரு புள்ளியும் இல்லாத படங்களை வெறுமையாக விட மனம் வராமல் ஒன்று என்று எழுதினேன்.

வேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெறுமையாக இருக்க வேண்டிய சோதனைப் படங்கள்தாம் அவை. அவை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி இருப்பதாக நான் எழுதியதால், தங்கம் ஒட்டக் கூடாத இடத்திலும் ஒட்டுகிறது என்று நம்பி, அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையை நிறுத்திவிட்டு எட்டு மாதமாகச் சோதனைகளைத் திருப்பிச் செய்திருக்கிறாள். தலையில் கை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒன்னக் கழிச்சிட்டுப் போயேன்” என்றேன்.

“எந்த இருபத்தொன்னு நெசம், எது நீங்க சாமிக்குக் கூட்டினதுன்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

“அப்ப படிச்ச யாரையாச்சும் எண்ணச் சொல்லு. என்னைய விடு.”

“மத்தவங்க ஆளுக்கொரு மாதிரி தப்பு செய்வாங்க. நீங்க கடைசி வரைக்கும் ஒரே மாதிரி செஞ்சீங்க. அதனாலதான் புடிக்க முடிஞ்சிச்சு.” இது பாராட்டா, ஏச்சா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இலக்கங்களை மாற்றி, அதே கட்டைத் திரும்பவும் மேசையில் வைத்தாள். முதல் எண்ணிக்கையை ஏன் தள்ளினோம் என்பதையும் கட்டுரையில் எழுதப்போவதாகச் சொன்னாள். என் மடத்தனத்தை ஊர் உலகம் எல்லாம் வாசிக்க வேண்டுமா என்று சண்டை பிடித்தேன். “எழுதாட்டி அது பொய், அண்ணி” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள்.

இரண்டாம் எண்ணிக்கையில் எண்ணி முடித்தவற்றை எடுத்துப்போகத்தான் அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தாள்.

காரியத்துக்கு வந்த சமன்மலி, ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எந்த இலக்கம் எந்தப் படம் என்கிற பட்டியல் அதற்குள் இருக்கிறது. கட்டுரையை அவர்களே முடித்து அனுப்பப்போகிறார்களாம். “அக்கா, மிச்சம் கொஞ்சம்தானே. இப்பவே பிரிச்சுப் பார்ப்பமா? வேணி மிஸ் தேடினது அடியிலயா நுனியிலயான்னு நீங்க தெரிஞ்சுக்கணும்தானே?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது முருகனுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அந்தப் பிள்ளையைச் சாப்பிடவும் தூங்கவும் விடாத கேள்வி அது. இருந்தும் உறையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அவள்மேல் உள்ள எரிச்சல் எனக்குத் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் என்ன எண்ணுகிறேன் என்று தெரியாமலே நேராக எண்ணுவதற்கு என்னைப் பழக்கியவள் அவள்தான். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மீதி நாற்பது படங்கள். இன்று ஆறு எண்ணினேன். எது அடி, எது நுனி என்று எனக்குத் தெரியாது.