தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில், உயர் நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். சும்மா பேசினால் தூங்கிவிடுவார்கள். அதனால் ஒரு வழக்கையே நடத்தச் சொன்னேன். அரசு வக்கீலாக நின்ற பையன், கோட்டுக்குப் பதிலாகக் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டினான்.

"ஏலே, ஜட்ஜம்மா வாராக, எந்திரிலே."

"இவளுக்கெல்லாம் எந்திரிக்கணுமாக்கும்?"

"எந்திரிக்கலைனா உள்ள தூக்கிப் போட்ருவேன்" என்றாள் நீதிபதியாக வந்த பெண். வகுப்பே சிரித்தது.

அதற்கு என் பழைய கேஸ் கட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். சாத்தூர் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடித்து ஒரு தொழிலாளி செத்துப்போனார். தன் மேல் போலீஸ் போட்ட வழக்கை ரத்து செய்யச் சொல்லி முதலாளி மனுப் போட்டார். செத்தவரின் மனைவியே 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். அப்போது நான் முதலாளியின் வக்கீலிடம் ஜூனியர்.

பெயர்களை மையால் அழித்தேன். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று பத்திரத்தைத் தமிழில் எழுதினேன். தேதியையும் ரூம் நம்பரையும் அழிக்காமல் விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் வெடித்துச் செத்தவரைச் சொல்ல அந்த இரண்டும் போதும். அது தோன்றாத முட்டாள் நான்.

முதலாளியின் வக்கீலாக நின்றவன் வாசித்தான். "ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, எட்டாம் நம்பர் ரூமில், என் கணவர் தன்னுடைய அஜாக்கிரதையால் வெடிமருந்தை உரசி..."

நீதிபதி நாற்காலியை விட்டு இறங்கினாள்.

"சார், சொந்தக்காரங்க கேசை ஜட்ஜு விசாரிக்கக் கூடாதுன்னு காலையில சொன்னீகள்ல. இது எங்கப்பா கேசு."

யாரோ ஒருவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பத்திரத்தை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் அவளே படித்தாள்.

"தமிழில் வாசித்துக் காட்டியதும் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்னு போட்டிருக்கு. யாரு சார் வாசிச்சுக் காட்டுனது? எதுல கையெழுத்துப் போட்டோம்னே தெரியாதுன்னு எங்கம்மா சொல்லுது. சித்தப்பா நம்பலை. 'எங்கண்ணன் மேலயே பழி எழுதிக் குடுத்துட்டீகளே'ன்னு போனவக, ஆறு வருசமா எங்க வீட்டுக்கு வரலை."

அந்த வரியை டைப் அடித்தவன் நான். எல்லாப் பத்திரத்துக்கும் அடியில் அதை அடிப்போம். வாசித்தோமா இல்லையா என்று எவனும் கேட்பதில்லை. மூலம் இங்கிலீஷில் இருந்தது. அந்த அம்மா கம்பெனி ஆபீசில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். புருஷனுக்குப் பதினாறாம் நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பத்திரம் முதன்முதலாகத் தமிழில் வாசிக்கப்பட்டது இந்த வகுப்பறையில்தான், அவர் மகள் காதில் விழும்படி.

"யாரும் வாசிச்சுக் காட்டலைம்மா" என்றேன். "உங்கப்பா உரசினதை யாரும் பார்க்கவும் இல்லை. நாங்களா எழுதிக்கிட்டதுதான்."



"இதை எங்க சித்தப்பாகிட்ட வந்து சொல்வீகளா?"

"ஞாயித்துக்கிழமை வாரேன்."

"சித்தப்பாவும் மல்லாங்கிணறுதான் சார். இன்னைக்கே நாலரைக்குப் பஸ் இருக்கு. நான் போறதும் அதுலதான்."

ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் அந்த நாலரை பஸ்ஸிலேயே ஏறினேன். பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்திரம் அவள் மடியில் இருந்தது. திருப்பிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.