கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கை

புதன்கிழமை எனக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை அடையாறிலிருந்து தி. நகர், அங்கிருந்து மயிலாப்பூர், திரும்ப அடையாறு என்று ஒரு சுற்றுப் போய் வந்தேன். மொத்தமே பதினைந்து கிலோமீட்டர்தான். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்பவர்கள் இப்போதே கிளம்பலாம். தோள் வலியோடு விளையாட்டையும் விட முடியாமல் அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு பேட்மிண்டன். இரண்டு வருடமாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் கத்தி இறங்குகிற மாதிரி வலி. தினமும் எழுந்ததும் வலிக்கிற இடம் வரை தூக்கிப் பார்த்துவிடுவேன், கம்ப்யூட்டர் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்துப் பதில் வருகிறதா பார்ப்பது போல. சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் எதையும் ஒரு மாதம் தாண்டிச் செய்ததில்லை. அறுத்துத் தைத்தால் முடிந்தது என்று நானே கேட்டு வாங்கிய நாள்தான் அந்தப் புதன்.

காலை பத்து மணிக்கு தி. நகரில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "தசைநார்ல சின்னக் கிழிசல்தான். இவ்வளவு வலி ஏன்னு இதுல தெரியல. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா வலி போகும்னு உறுதி சொல்ல மாட்டேன்" என்றவர், அதற்குமுன் மயிலாப்பூரில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார்.

ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, கைய மார்ல ஒட்டிக்கினு வர? எங்க வுழுந்த?"

"எங்கயும் விழல."

"வுழாமயே வலியா? அப்ப வுழுந்தவன் எவ்ளோ தேவல, காரணமாவது கீது!"

கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் முதல் மாடி. முன்பு நடன வகுப்பு நடந்த கூடம். மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடி. நடுப்பகல், வேறு யாருமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். அப்படித்தான் நிற்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் நஸ்ரீனுக்கு என் வயதுதான் இருக்கும். காலையில் தூக்கிப் பார்ப்பது வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் நெஞ்சுக்கு நடுவில், இடது பக்கம் பார்த்தபடி ஒரு கண்ணாடியை நிறுத்தினார். வலது கை அதற்குப் பின்னால், தலையணை மேல். இடது கை முன்னால்.

"வாட்ச்சைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கேள்வி அப்புறம். கண்ணாடியை மட்டும் பாத்துக்கிட்டு இடது கையை மெதுவா தூக்குங்க."

தூக்கினேன். கண்ணாடியில் எழுந்த பிம்பம், வாட்ச்சும் இல்லாததால், அசல் என் வலது கை. இரண்டு வருடமாகப் போகாத உயரத்துக்குச் சர்வசாதாரணமாகப் போயிற்று. தோளைத் தாண்டியதும் கத்தி இறங்கியது. வலது தோளில்.

"கை அசைஞ்சிடுச்சு" என்றேன்.

"இல்ல சார்."

"பொய்."

ஃபோனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினார். என் முகம் கோணுகிறது. தலையணை மேல் கிடந்த கை மரக்கட்டை மாதிரி கிடக்கிறது. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை.

"அப்ப எல்லாம் மனப்பிரமையா?"

"வலி நிஜம். ரொம்ப நாள் வலிச்சா மூளை முந்திக்குது, கை மேல போகப்போகுதுன்னாலே மணி அடிச்சிடுது. நீங்க வேற தினமும் காலைல தூக்கிப் பாத்து அதுக்கு டியூஷன் எடுத்திருக்கீங்க!"

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"மாசக்கணக்குல. பொறுமை இருந்தா."

"ஆபரேஷன்?"

"உங்க தோள், உங்க முடிவு."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிசியோ கட்டணம் எழுநூறு. முன்பதிவு அவசியம். வலிக்கிறதா என்று தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். விழுந்து அடிபட்டவர்கள், பெரிய கிழிசல் உள்ளவர்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என் கதை உங்களுக்குப் பொருந்தாது. கண்ணாடி வைத்தியத்தை வீட்டில் தனியாக முயல வேண்டாம். முதல் தடவை பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மந்தைவெளியில் ஏறிய ஒருவர் என் முன்னால் நின்று, மேல் கம்பியைப் பிடிக்க வலது கையை உயர்த்தினார். அது அவர் தோளைத் தாண்டியபோது எனக்கு வலித்தது. அதே இடம். அவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு, புதன்கிழமை ஆபரேஷன் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். "முன்னால நிக்கிறவர் கையை இறக்கட்டும், சொல்றேன்" என்றேன்.