சரியான பதிலுக்கும் ஓர் ‘எப்படி’

“அதிர்ந்து பேசமாட்டாங்க, அடங்கின சுபாவம்” என்று, அண்ணி இறந்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அண்ணி அறிவியல் ஆசிரியை. கேள்வியைக் கேட்டுவிட்டு, சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். சட்டென்று கை தூக்கும் கெட்டிக்காரர்களைக் கண்டுகொள்ள மாட்டார். மற்றவர்களும் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். வராந்தாவில் நடைபோடும் தலைமையாசிரியருக்கு இது ஆகவே ஆகாது.

“என்ன டீச்சர், உள்ள ஆள் இருக்கா?”

“இருக்காங்க சார். யோசிக்கிறாங்க.”

“யோசிக்கிறதை வீட்ல வெச்சுக்கச் சொல்லுங்க. பாடம் ஓடணும்.”

பதில் வந்த பிறகும் அண்ணி விடமாட்டார். சரியாகச் சொன்னவரிடமும் “எப்படிச் சொல்ற?” என்பார். மற்ற வகுப்புகளில் அதே கேள்வி திரும்ப வந்தால் பதில் தப்பு என்று பொருள். இரும்பு துருப்பிடிக்கக் காற்று வேண்டுமா என்றால் “வேணும் சார்” என்பார்கள். “வேணுமா?” என்று இழுத்தால் “வேண்டாம் சார்” என்று கட்சி மாறிவிடுவார்கள். அண்ணியின் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பள்ளி ஆய்வாளர் வரப்போகிறார் என்றதும் தலைமையாசிரியர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அவர் முன்னால பிள்ளைங்க ஊமையா உட்கார்ந்திருந்தா ஒன்பதாம் வகுப்பு உங்க கையில இருக்காது. தெரிஞ்ச கேள்வியா கேளுங்க. கோரஸா பதில் வரட்டும்.”

ஒன்பதாம் வகுப்பு என்றால் அண்ணிக்கு உயிர். இருந்தும் ஆய்வாளர் வந்த அன்று, ஐஸ் போட்ட தண்ணீர் டம்ளர் ஒன்றை மேசைமேல் வைத்தார். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் துளிர்த்தது.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

கேட்டுவிட்டுச் சாக்பீஸை உருட்டத் தொடங்கினார். ஆய்வாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். கதவோரம் நின்ற தலைமையாசிரியர், முதல் பெஞ்சுப் பெண்ணைக் கேட்கும்படி கண்ணால் ஜாடை காட்டினார். அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். “காத்துல இருந்து, டீச்சர்.”

“காத்துல இருந்தா?” ஆய்வாளர் முந்திக்கொண்டார்.

“ஆமா சார்.”

“நல்லா யோசி. டம்ளர் கசிஞ்சிருக்கலாமே?”

“அப்ப உள்ள மை ஊத்திப் பார்க்கலாம் சார். கசிஞ்சா வெளியிலயும் நீலமா வரணுமே. உங்க பேனாவைக் குடுக்கிறீங்களா?”

கொடுத்தார். தண்ணீரில் நீலம் பரவியது. துடைத்துவிட்ட வெளிப்பக்கம் மறுபடியும் தெளிவாகவே துளிர்த்தது.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் அறிக்கையில், பாடம் மெதுவாக நகர்கிறது என்று எழுதியிருந்தார். தலைமையாசிரியருக்கு அது போதுமாக இருந்தது. அண்ணியை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்.

“வருத்தம் ஒண்ணும் இல்லையே டீச்சர்?”

“இருக்கு சார். ஆறாம் வகுப்புலயும் இப்படித்தான் கேட்பேன்.”

சில வாரங்களில் அவரே அண்ணியின் வகுப்பறை வாசலுக்கு வந்தார்.

“ஒன்பதாம் வகுப்புல புது வாத்தியார் ஒரு வரி சொல்ல முடியலையாம். எதுக்கெடுத்தாலும் ‘எப்படி சார், எப்படி சார்’னு நிக்கிறாங்களாம். நீங்க சொன்னாத்தான் நிறுத்துவாங்க.”

“அவங்க கேட்கிறதுல என்ன தப்பு சார்?”

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். மூடினார். அண்ணி ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டு, அவர் யோசித்து முடிக்கட்டும் என்று நின்றார்.