ராக்கெட்டை இறக்கியவள்

எங்கள் தோட்டத்துத் துரையிடம் ஒரு புரொஜெக்டர் இருந்தது. படம் ஒன்றே ஒன்றுதான். சந்திரனுக்கு ராக்கெட் போகிற கதை, பல பாகங்களாக ஓடும் இங்கிலீஷ் தொடர். தீபாவளியன்று பொழுது சாய்ந்ததும் பெரட்டுக் களத்தில் அதைப் போட்டுக் காட்டச் சொல்லுவார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற அதே களத்தில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஆண்கள் துணிக்கு முன்னால், பெண்கள் பின்னால். யார் போட்ட சட்டமோ! பின்னால் இருந்தாலும் படம் தெரியும். என்ன, எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும்.

முதல் தடவை பார்த்தபோது ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தால்தானே? ராக்கெட்டில் போன கூட்டத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரரை, அதில் இருந்த ஒரே பெண்ணின் அப்பா என்று நினைத்துக்கொண்டு, பாவம் நல்ல மனுசன் என்று உச்சுக்கொட்டினோம். கடைசிப் பாகத்தில் ராக்கெட் தள்ளாடிக்கொண்டு பூமிக்கு இறங்குகிற நேரம், கீழே ஓடைப்பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து களத்தை மூடிவிட்டது. முன்னால் இருந்த ஆண்களுக்கு வெறும் வெள்ளைதான். பின்பக்கத்தில் நான் துணியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவன் மயங்கிக் கிடக்க, அவனைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்தான் ராக்கெட்டை இறக்கினாள்.

மறுநாள் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் இதைச் சொன்னதுதான் தாமதம், எங்களை வேலை வாங்குகிற கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏ புள்ள, பொம்பள ராக்கெட்டு ஓட்டுனாளா? கனவு கண்டியா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் கங்காணி ஐயா."

"அப்புடி மட்டும் இருந்துச்சுன்னா, நீங்கள்லாம் இனிமே முன்னால உக்காருங்க. நாங்க பின்னால போறோம்."

மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து என் பெயர் ராக்கெட்டு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ராக்கெட்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ராக்கெட்டு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட இருந்த பெண்களே, "விடு அக்கா, பனியில எதயோ பாத்திருப்ப" என்றதுதான் அதைவிட எரிச்சல். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது எனக்கு.

அடுத்த தீபாவளிக்கு அதற்கும் ஆபத்து வந்தது. கோயிலடியில் கூட்டம் போட்டு, தோட்டத்துத் தலைவர் சொன்னார்: "பாத்த படத்தயே என்னத்துக்குப் பாக்குறது? அட்டன் டவுன்லேருந்து ஒரு சாமி படம் வாடகைக்கு எடுப்போம்."

நான் எழுந்துவிட்டேன். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுகிற காலமில்லை அது. "வருசா வருசம் மாசியில காமன் கூத்து ஆடி காமன எரிக்கிறோமே தலைவரே, போன வருசந்தான் எரிச்சாச்சேன்னு யாராவது லயத்து வீட்டுல படுத்துக் கெடக்குறோமா? எரியப் போறான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய நிக்கிறோம்?"

சில பேர் சிரித்தார்கள். தலைவர் தாடையைச் சொறிந்தார். ராக்கெட் படமே என்று முடிவானது.

இரண்டாந்தடவை பார்த்தபோதுதான் அந்தப் படத்தின் அருமை தெரிந்தது. முதல் பாகத்திலேயே அந்த வழுக்கைத் தலையன் யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பியை அறுத்து வைக்கிறான்! போன வருசம் நாங்கள் ராக்கெட்டையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் கையை யாரும் பார்க்கவில்லை. இப்போது களமே, "அடேய், பிடிங்கடா அவன!" என்று கத்தியது. அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பு போனபிறகு, கண் எங்கெல்லாமோ போகிறது. அந்தப் பெண் ஆரம்பத்திலிருந்தே ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நின்று அவன் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பார்த்துப் பார்த்தே வேலையைப் படித்துக்கொண்டவள் அவள்.

கடைசிப் பாகம் வந்தது. ஓடைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி வரவில்லை. நல்ல தெளிவாக, ஒரு தோட்டமே பார்த்திருக்க, அவள் ஆளைத் தள்ளினாள், விசையை இழுத்தாள், ராக்கெட்டைப் பூப்போல இறக்கினாள்.

பின்பக்கத்தில் எழுந்த குலவைச் சத்தம் துரை பங்களாவுக்கே கேட்டிருக்கும். என்னைத் தூக்காத குறைதான்.

அதற்கடுத்த தீபாவளிக்கு நாங்கள் பொழுதோடு போய் முன்பக்கம் கம்பளியை விரித்து உட்கார்ந்தோம். யாரையும் கேட்கவில்லை. கங்காணி வந்து பார்த்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார். படம் நடுவில் அவர் குரல் வந்தது.

"ஏ புள்ள, இங்கருந்து பாத்தா ரொம்ப நல்லாத் தெரியுது. நீங்க வேணும்னா வாங்க."

"நல்லாத் தெரிஞ்சா அங்கேயே இருங்க கங்காணி ஐயா" என்றேன். எங்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.