ஓடிபி எனக்கே வரட்டும்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியை நேரில் பார்க்கவேண்டுமானால் சேலையூருக்குப் போங்கள். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் உள்ள காலனியில் சத்யநாராயணன் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அட்மின் மேனேஜர். புதுப் பேனா கேட்டால் பழைய பேனாவைக் காட்டச் சொல்கிற மனுஷன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் எல்லோரையும் நம்பியவர்தான். பம்மலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, கூடப் பிறந்தவன் மாதிரி பழகிய டிரைவர் வண்டி டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி விற்றுவிட்டான். பழி இவர் தலையில் விழுந்து, வேலையும் போயிற்று. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. அதற்குப் பிறகு இவர் எந்த டிரைவரையும் நம்பவில்லை.

கம்பெனி மின்சாரக் கார்கள் வாங்கியது. வெளியே சார்ஜ் போட்டுக்கொள்ள ஊழியர்களுக்கு ஒரு கார்டு தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இவர் மேஜைக்கு வந்தது. கார்டு விற்க வந்த ஜெரூஷா இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தாள்.

"இதைச் சும்மா தட்டினா போதும் சார், சார்ஜ் ஏறும். நெட் இல்லாட்டியும் வேலை செய்யும். இந்த இன்னொண்ணைத் தட்டினா ஒரு போனுக்கு ஓடிபி போகும். அந்த நம்பரைப் போட்டாத்தான் ஏறும். அவங்கவங்க போனுக்கே போற மாதிரி வச்சுக்கலாம்."

"ரெண்டாவது கார்டு. ஆனா ஓடிபி எனக்கே வரட்டும்," என்றார் சத்யநாராயணன்.

"எல்லாருக்கும் சேர்த்தா சார்? மழைக்காலத்துல உங்க பக்கம் டவர் போயிட்டா?"

"போனா வந்துடும்மா."

விநாச காலே விபரீத புத்தி என்று சும்மாவா சொன்னார்கள்?

கார்டு கொடுத்த அன்றே டிரைவர் கார்த்தி வந்து நின்றான். கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரன். அப்பன், பாட்டன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவன் ஸ்டியரிங் பிடித்தான். விடியற்கால ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றவேண்டும் என்பதால் கம்பெனி கார் அவன் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

"சார், எனக்கு மட்டும் அந்தத் தட்ற கார்டு குடுங்க சார். எங்கூட்டுல சரிதா மாசமா கீது. ரெண்டு தபா கலைஞ்சிபோய் இப்பதான் நின்னுகினு கீது. ஒரு அவசரம்னா உங்களாண்ட நம்பர் கேட்டுகினு நிக்க முடியுமா?"

"என் போன் எந்நேரமும் ஆன்லதான் இருக்கும். கேளு, தர்றேன்."

தந்தார், அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "எங்க போறே? எதுக்கு?" என்று கேட்பார். பதில் மனசுக்குச் சரியென்று பட்டால்தான் நம்பர் வாயிலிருந்து வரும். குளியலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தும் கேட்பார். ஒருமுறை கல்யாண மண்டபத்தில் இவருக்குச் சிக்னல் கிடைக்காமல், ஒரு பெண் ஊழியர் தாம்பரத்தில் சார்ஜர் எதிரே வெகுநேரம் வெயிலில் நின்றாள். "நின்னா கரைஞ்சா போயிடுவா?" என்று சிரித்தார். அட பாவி மனுஷா, அன்றைக்காவது உறைத்திருக்கக்கூடாதா!

கார்த்திகை பிறந்தது. புயல் எச்சரிக்கை வந்த அன்று காலையிலேயே வானம் சட்டிக்கரி போல் இருண்டது. ஆபீஸை மூடி எல்லோரையும் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே சத்யநாராயணன் வண்டிகளை ஏவிக்கொண்டிருந்தபோது கார்த்தி கூப்பிட்டான்.

"சார், சார்ஜ் முப்பதுதான் கீது. போட்டுக்கறேன், நம்பர் சொல்லுங்க."

"முதல்ல பொண்ணுங்களை வீட்ல விடு. முப்பது தாராளமா போதும். அப்புறம் போட்டுக்கலாம்."

"காத்தாலேர்ந்து சரிதாவுக்கு இடுப்பு நோவுது சார்."

"இன்னும் நாள் இருக்குன்னு நீதானேப்பா சொன்னே? சூட்டு வலியா இருக்கும். போ, போ."

மத்தியானம் காற்று பிடித்துக்கொண்டது. மரங்கள் விழுந்தன, கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் சேலையூர் முழுக்க சிக்னலும் போயிற்று. சத்யநாராயணன் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

"ஏன்னா, அந்தக் கார்த்தி ஓடிபி கேட்டா என்ன பண்ணுவேள்?" என்றாள் மனைவி பாலாம்பாள்.

"கேளம்பாக்கத்துல மட்டும் டவர் இருக்குமா என்ன? யாருக்கும் இருக்காது," என்றார். சொல்லிவிட்டாரே தவிர உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போனார். குடை பறந்தது. முழங்கால் தண்ணீரில் கேம்ப் ரோடுவரை நடந்து, போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற யாருக்கும் சிக்னல் இல்லை. பயந்தார், வாய்விட்டே "ஈஸ்வரா" என்றார். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மேஜைமேல் கிடந்த போன் தானாக அதிர ஆரம்பித்தது. ஓடிபி. அடுத்தது ஓடிபி. அதற்கடுத்ததும் ஓடிபி. எல்லாம் நேற்று வந்திருக்கவேண்டியவை. எல்லாம் கார்த்தியின் கார்டு, எல்லாம் கேளம்பாக்கத்துச் சார்ஜர். அங்கே கரண்ட்டும் நெட்டும் இருந்திருக்கின்றன. ஒருவன் விடாமல் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். அவனைக் கூப்பிட சத்யநாராயணனுக்குக் கை வரவில்லை.

கடைசியாக ஒன்று வந்தது. அது இப்போது அனுப்பியது. கூடவே மணி அடித்தது. கார்த்தி.

கூப்பிடுகிறானே, உயிர் வந்தது அவருக்கு. என்னென்னவோ கேட்க வாயெடுத்தார். பழகிய நாக்கு, அது பாட்டுக்கு முந்திக்கொண்டது.

"எங்க போறே? எதுக்கு?"

கார்த்தி பதில் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு சார். நேத்து வண்டி இங்கயே நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வழியெல்லாம் மரம். ஒரு டிராக்டர்ல ஏத்தினு போனோம், லேட்டாயிட்டுது. சரிதா பொழச்சிகிச்சி. கொயந்த இல்ல சார். அத்தக் குப்பத்துக்கு எட்துகினு போவணும். நம்பர் சொல்லுங்க."

சத்யநாராயணன் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு எண் சொன்னார். மூன்றாவதில் நின்றுவிட்டார். கார்த்தி காத்திருந்தான்.

"அது டைம் ஆயிட்டுது சார். வேற அனுப்பிக்கீறேன், பாத்து சொல்லுங்க."

போன் கையில் மறுபடி அதிர்ந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை. அதைப் பாலாம்பாளிடம் நீட்டினார்.

"நீ படிச்சுச் சொல்லு," என்றார்.